புதிது வாங்குவதா? பழையதைச் சீர்செய்வதா?

டீசல் என்ஜின் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் என்றாவது ஒரு நாள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேய்ந்த பாகத்தைச் சீர்செய்து மாட்டுவதா? கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

கேள்வி சின்னதுதான். ஆனால் அவசரத்தில் சொன்ன ஒரு பதிலுக்காகக் கழுத்தில் கிடந்த நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அடகு வைத்த பணத்தில் ஓட்டிய என்ஜின் அடுத்த போகத்துக்குள் மறுபடியும் புகை கக்கினால், அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது!

பழையசீவரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. பொங்கலை ஒட்டி காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் இது. எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர்.

இந்த வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசுகிறார்கள். மூன்று போகத்துக்கும் நிலம் உழவேண்டும், சேடை ஓட்டவேண்டும், அறுத்ததை ஏற்றி வரவேண்டும். மாடு செய்த வேலையை டிராக்டர் செய்கிறது. டிராக்டரின் நெஞ்சு டீசல் என்ஜின்.

தை மாதத்தில் நவரை நடவுக்குச் சேடை ஓட்டும்போது அந்த நெஞ்சு நின்றுவிட்டால் என்ன ஆகிறது?

மெக்கானிக் வருகிறார். என்ஜினைப் பிரிக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்:

"அண்ணே, கிராங்க் தேய்ஞ்சு போச்சு. கிரைண்டிங் பண்ணினா செலவு கம்மி. ஆனா நாள் ஆகும். புதுசு வாங்கிக் கொடுத்தீங்கன்னா சீக்கிரம் ஓட்டிடலாம். என்ன செய்யட்டும்?"

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சொந்தக்காரர் என்ன சொல்வார்?

"உனக்குத் தெரியாததா தம்பி? எது நல்லதோ அதைச் செய்!"

அந்த ஒரு வார்த்தையில்தான் கோளாறு ஆரம்பமாகிறது!

பணம் கொடுக்கப்போகிறவர் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மெக்கானிக்கும் அதை எண்ணில் சொல்லவில்லை. மெக்கானிக் மீது பழி போடுவதில் நியாயம் இல்லை. அவருக்குக் கூலி வேலைக்கு. கடைக்காரருக்கு லாபம் சாமானுக்கு. இருவரும் தங்கள் தொழிலைச் செய்கிறார்கள். பயம் தீர்ப்புச் சொல்லும் நாளில் தீர்ப்புக் கேட்டதுதான் தப்பு.

சைக்கிள் பம்ப்பும் டீசல் என்ஜினும்

டீசல் என்ஜினில் எந்தப் பாகம் எதற்கு என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது. அது பெரிய வித்தையும் இல்லை.

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும். வேகமாக அடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும் என்பது இயற்கை. டீசல் என்ஜினில் பிஸ்டன் என்ற உருளை, சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய பதினைந்து முதல் இருபது மடங்கு வரை நெருக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தக் கொதிக்கிற காற்றில் டீசலைப் பூந்தூறல் போலப் பீய்ச்சினால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது! ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இதை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் பெயராகிவிட்டது.

ஆகவே இந்த என்ஜினுக்கு உயிர் நாடி இரண்டு. ஒன்று, காற்று கசியாமல் நெருங்கவேண்டும். மற்றொன்று, டீசல் சரியான நேரத்தில், சரியான அளவில், தூளாகத் தெறிக்கவேண்டும். இதற்குமேல், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் நேராக, வழவழப்பாக இருக்கவேண்டும்.

தேய்வது எதனால்?

பழையசீவரம் பக்கத்தில் என்ஜினுக்கு முதல் விரோதி தூசி. ஒரு பக்கம் பாலாற்று மணல். இன்னொரு பக்கம் திருமுக்கூடல் வட்டாரத்துக் கல் குவாரிகளும் கிரஷர்களும். லாரிகள் போகும் சாலையோரத்தில் மர இலைகளே வெளுத்துக் கிடக்கும்.

மணலும் கல் தூளும் இரும்பைத் தின்னும். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலோ, அதன் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலோ, அந்தத் தூள் சிலிண்டருக்குள் போய் எண்ணெயோடு குழைந்து, அம்மியில் அரைப்பதுபோல் அரைக்கும். பத்து வருஷம் உழைக்கவேண்டிய பிஸ்டன் ரிங் சீக்கிரமே தேய்ந்துபோகும். எண்ணெய்க் கிண்ணம் வைத்த பழைய தினுசு வடிகட்டியானால் கிண்ணத்தில் குறி போட்ட அளவுக்கு எண்ணெய் இருக்கிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று இந்தப் பக்கத்தில் தினமும் பார்த்தாலும் தப்பில்லை.

வடிகட்டியைப் பார்க்காமல் புது லைனரும் புதுப் பிஸ்டனும் போடுவது, ஓட்டைப் பானையை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றுவதற்குச் சமம்.

பிரிப்பதற்கு முன்னால் புகையைப் பார்க்கவேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், சிலிண்டர், வால்வு இவற்றில் சந்தேகம். கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டதால் வந்த கரும்புகைக்காக முழு என்ஜினையும் பிரித்துப் போட்ட கதைகள் எந்த ஊரிலும் கிடைக்கும்!

கண் போதாது, அளவு வேண்டும்

சிலிண்டரின் உட்சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் பக்கத்தில், அதாவது பிஸ்டனின் மேல் ரிங் திரும்பும் இடத்தில், தேய்மானம் அதிகம். அங்கேதான் அழுத்தமும் சூடும் அதிகம், எண்ணெய் குறைவு. கீழே அவ்வளவு தேயாது. ஆகவே சிலிண்டர் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் ஆகிவிடுகிறது. மேல் விளிம்பில் விரலை வைத்தால் ஒரு படிக்கட்டு தட்டுப்படும்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. போர் கேஜ் என்ற கருவியை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என மொத்தம் ஆறு அளவு எடுக்கவேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு! மூன்று சிலிண்டர் டிராக்டருக்குப் பதினெட்டு. ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம்கூட வராது. அந்தப் பாதிப் பக்கத் தாளுக்கு இருக்கும் மதிப்பு, எவ்வளவு அனுபவசாலியின் வாய் வார்த்தைக்கும் இல்லை.

கம்பெனி தரும் சர்வீஸ் புத்தகத்தில், 'இவ்வளவு தேய்ந்தால் பரவாயில்லை, இதற்கு மேல் தேய்ந்தால் மாற்று' என்று எண் போட்டிருக்கும். தாளில் உள்ள எண்ணையும் புத்தகத்தில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எட்டாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே தீர்ப்புச் சொல்லிவிடும்.

தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் உட்சுவரை ஹோனிங் செய்து, ரிங் மட்டும் மாற்றலாம். ஹோனிங் என்றால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு போடுவது. அந்தக் கோட்டில்தான் எண்ணெய் தங்கும்.

வரம்பைத் தாண்டியிருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது வீண். மேலே அகலம், கீழே ஒடுக்கம் உள்ள சிலிண்டரில் புது ரிங் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்கித் தவிக்கும். சில மாதத்தில் நீலப் புகை திரும்பி வரும். "ரிங் போட்டால் போதும்" என்று கூலியை மிச்சம் பிடிக்கும் இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. அந்த ரிங் விலையும், பிரித்து மாட்டிய கூலியும், கேஸ்கெட் விலையும் கிணற்றில் போட்ட கல்.

லைனர் கழற்றி மாட்டும் தினுசாக இருந்தால், லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் ஒரு செட்டாகப் புதிதாகப் போடுவதே புத்திசாலித்தனம். கழற்ற முடியாத சிலிண்டராக இருந்தால் போர் அடித்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம். போர் அடிக்கவே இடமில்லாமல் போய்விட்டால், உள்ளே ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். இரும்புப் பிளாக் நல்லபடி இருக்கும்வரை, வெடிப்பு இல்லாதவரை, அதைத் தூக்கி எறிவது அநியாயம். பிளாக் விலை என்ன, ஸ்லீவ் விலை என்ன!

கிராங்க்: அவசரப்படக் கூடாத இடம்

என்ஜினில் விலை கூடிய பாகங்களில் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒன்று. "தேய்ஞ்சு போச்சு" என்ற ஒரு சொல்லுக்காக இதைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரிய பாவம்.

கிராங்க்கைச் சாணை பிடித்துத் திரும்ப உபயோகிக்க வழி இருக்கிறது. பேரிங் உட்காரும் வட்டப் பகுதி சொரசொரப்பாகவோ முட்டை வடிவாகவோ ஆகியிருந்தால், கிரைண்டிங் மிஷினில் வைத்துக் கால் மில்லிமீட்டர் குறைக்கிறார்கள். அதற்கேற்ப, உள் அளவு கால் மில்லிமீட்டர் குறைந்த பேரிங் கடையில் கிடைக்கிறது. அடுத்த தடவை அரை மில்லிமீட்டர். பிறகு முக்கால். பல என்ஜின்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வரை பேரிங் உண்டு. எத்தனை படி இறங்கலாம் என்பதைக் கம்பெனிப் புத்தகம் சொல்லும். ஒருமுறை சாணை பிடித்தால் முறையாக வைத்திருக்கும் வீட்டில் பல வருஷம் உழைக்கும். அப்படியானால், கடைசிப் படியைத் தொடாத கிராங்க் தாத்தாவின் உழவு மாடு மாதிரி. இன்னும் நாலு உழவு பாக்கி இருக்கிறது!

ஆனால் மூன்று இடத்தில் ஜாக்கிரதை வேண்டும்.

கிராங்க் வளைந்திருக்கிறதா என்று இரண்டு தாங்கியில் வைத்துச் சுழற்றி, டயல் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்று காந்தப் பொடி போட்டுப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பில் பொடி போய்க் கோடாக நிற்கும். வெடிப்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம், மாற்றியே ஆகவேண்டும். ஓடும்போது கிராங்க் உடைந்தால் பிளாக்கையும் பிளந்துகொண்டு வெளியே வரும். இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழு என்ஜினையும் இழந்த கதை ஆகும்.

வட்டப் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். அதைச் சாணைக்காரர் கூர் மூலையாக வெட்டிவிடக் கூடாது. கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். நல்ல பட்டறையில் சாணைக் கல்லின் விளிம்பையே வளைத்துச் சீவி வைத்திருப்பார்கள். 'கல்லை டிரெஸ் பண்ணினீர்களா?' என்று கேட்டால், கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்று பட்டறைக்காரருக்கும் மரியாதை வரும்.

மூன்றாவது, கழுவல். கிராங்க்கின் உள்ளே எண்ணெய் ஓடத் துவாரங்கள் இருக்கின்றன. சாணைத் தூள் அதில் போய் ஒளிந்துகொள்ளும். அடைப்பான்களைக் கழற்றி, கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, காற்று அடிக்காமல் மாட்டினால் அந்தத் தூள் புதுப் பேரிங்கை முதல் நாளே தின்னும். பிறகு, "கிரைண்டிங் பண்ணினா நிக்காதுப்பா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். குற்றம் கிரைண்டிங்மீதா? கழுவாதவர்மீதா?

சில கிராங்க்குகளுக்கு மேல்தோல் மட்டும் கடினப்படுத்தியிருக்கும். சாணை பிடித்தால் அந்தத் தோல் போய்விடலாம். அந்தத் தினுசா இல்லையா என்பதைப் பட்டறைக்கு அனுப்புமுன் விசாரிப்பது அவசியம்.

கனெக்டிங் ராடு போல்ட்டுகளை மட்டும் பழையதையே முறுக்கி மாட்டக்கூடாது. முழு என்ஜினையும் ஒப்பிட்டால் அந்தப் போல்ட் விலை காப்பிச் செலவு. அது அறுந்தால் வரும் சேதம் ஒரு போகத்து விளைச்சல்.

நாசில்: கை வைக்கக் கூடாத இடம்

டீசலைப் பீய்ச்சும் நாசிலும், அதற்கு டீசல் அனுப்பும் பம்ப்பும் வேறு ஜாதி. பம்ப்புக்குள் ஓடும் சிறு தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் சந்து இரண்டு மூன்று மைக்ரான். மனிதன் தலைமுடியின் கனத்தை இருபத்தைந்து பாகமாகப் பிளந்தால் ஒரு பாகம் எவ்வளவோ, அவ்வளவு! தண்டும் உறையும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒன்றைக் கழற்றி மற்றொன்றோடு சேர்க்க முடியாது. கல்யாணம் ஆன ஜோடிதான். பிரித்தால் இரண்டும் உபயோகம் இல்லை.

இதை வேலியோரத்தில் உட்கார்ந்து, உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. நாசில் தேய்ந்து சொட்டினால் புதியது போடவேண்டும். பம்ப்பை மட்டும், சோதனை மேடை வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பி அளவு பிடித்து வாங்கலாம். பழைய தினுசு என்ஜினிலேயே நாசிலில் டீசல் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் வருகிறது. லாரி டயருக்குள் இருக்கும் காற்றைப்போல இருபத்தைந்து மடங்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ். 6 லாரிகளில் அதுவும் பல மடங்கு ஏறிவிட்டது. அங்கே கம்ப்யூட்டரில் எண் பதிந்துதான் நாசிலையே மாட்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நாசில் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கையை முன்னால் நீட்டுகிறார்கள் சிலர். மகா அபாயம்! டீசல் தோலைத் துளைத்து ஊசி போட்டதுபோல் உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளி மட்டுமே தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நூறு ரூபாய்க் கணக்கு

அளவு பார்த்தாகிவிட்டது. சீர்செய்யலாம், மாற்றவும் செய்யலாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இப்போது எதைச் செய்வது?

கணக்குக்காகப் புதிய பாகத்தின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போதும். அது 10 வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 10 ரூபாய் செலவு.

சீர்செய்ய 45 ரூபாய் ஆகிறது. பாதிக்கும் குறைவு! ஆனால் அது 3 வருஷம்தான் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 15 ரூபாய். மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாகிவிட்டது. அதுவே நல்ல பட்டறையில் செய்து 6 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 7 ரூபாய் 50 காசு. இப்போது சீர்செய்ததே லாபம்.

ஆக, 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. 'எத்தனை வருஷம் வரும்? எழுதித் தருவீர்களா?' என்றும் கேட்கவேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு வரி உண்டு. அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நின்ற நாளின் செலவு! சாணை பிடிக்கப் பத்து நாள் ஆகிறது. அது நடவு நாளாக இருந்தால், அந்தப் பத்து நாளும் வாடகைக்கு டிராக்டர் பிடிக்கவேண்டும். அல்லது தன் டிராக்டருக்கு வரும் வாடகையை இழக்கவேண்டும். 45 ரூபாய்ச் செலவு அங்கே 90 ஆகிவிடும். அப்படிப்பட்ட நாளில் புதிது வாங்குவதே சரி.

அதே கிராங்க், அதே தேய்மானம், ஐப்பசி கார்த்திகையில் என்றால்? அடைமழை. வயலில் பயிர் நிற்கிறது. டிராக்டர் கொட்டகையில் தூங்குகிறது. நின்ற நாளுக்குச் செலவு பூஜ்யம். அப்போது சீர்செய்வதே சரி.

ஒரே பாகத்துக்கு மாதத்தைப் பொறுத்து இரண்டு பதில்! ஆகையால், சரியான பதில் வேண்டுமென்றால் கேள்வியை மழைக் காலத்தில் கேட்கவேண்டும். என்ஜின் நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஆயில் அழுத்தம் குறைகிறதா, ஆயில் செலவு ஏறுகிறதா, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு செய்கிறதா என்று கவனித்து, ஓடுகிற என்ஜினையே ஓய்வு மாதத்தில் பட்டறைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொல்லவேண்டும். 'ஓடுகிற குதிரையை எதற்கு நிறுத்துவது?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறபோது நிறுத்தினால் நிறுத்துபவர் சொல்லும் நாளில் நிற்கும். இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு நிற்கும்.

இது புது யோசனையும் இல்லை. உத்திரமேரூர்க் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டிப் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரார் தேர்ந்தெடுத்த குழு. கோடையில் தூர் வாரினால்தான் மழையில் நீர் நிற்கும் என்பது ஏரிப் பாசனக்காரனுக்குப் பிறவி ஞானம். ஏரிக்கு ஓய்வு கோடை. டிராக்டருக்கு ஓய்வு மழை. மாதம்தான் மாறுகிறது.

ரயில்வேயிலும் இதே வழக்கம்தான். திருச்சி பொன்மலையில் 1928 முதல் இயங்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு டீசல் என்ஜின்கள் நாள் குறித்து வந்து பிரிக்கப்படுகின்றன. நடு வழியில் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் விட்டுவைப்பதில்லை. அரசு பஸ் பணிமனைகளில் இன்னொரு வசதி. சீர்செய்த என்ஜின் ஒன்று கையிருப்பில் இருந்தால், பழுதான என்ஜினை இறக்கிவிட்டு அதை ஏற்றி பஸ்ஸை அனுப்பலாம். இறக்கியதை நிதானமாகச் சீர்செய்யலாம். ஒரே ஒரு டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் ஒரே மாதிரி டிராக்டர் வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு செட் நாசிலும், ஒரு சீர்செய்த பம்ப்பும் பொதுவில் வாங்கி வைத்தால் என்ன? கோவில் பாத்திரத்தைக் கல்யாணத்துக்குக் கொடுத்து வாங்கும் ஊர்தானே! இதில் மட்டும் ஏன் தயக்கம்?

கிடைக்குமா, கிடைக்காதா?

எந்தக் கம்பெனி என்ஜின் என்பதும் தீர்ப்பை மாற்றும். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தொடங்கியது. டிராக்டர் செய்யும் டாஃபே 1960-ல் வந்தது. சிம்ப்சன் கம்பெனியின் டீசல் என்ஜின்கள் தமிழ்நாட்டு வயல்களில் பல்லாயிரம் ஓடியிருக்கின்றன. இப்படிப் பக்கத்திலேயே தயாராகும் என்ஜினுக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் புதிய பாகத்தோடு திரும்பலாம். புதிது வாங்குவது அங்கே சுலபம்.

தயாரிப்பு நின்றுபோன வெளிநாட்டு என்ஜினானால் கதை வேறு. பாகம் கிடைக்காது. கிடைத்தாலும் யானை விலை. அங்கே சீர்செய்வதே வழி. விதிவிலக்காக, கிணற்றடியில் 'டுக்கு டுக்கு' என்று ஓடிய இங்கிலாந்து லிஸ்டர் தினுசு ஆயில் என்ஜினை இன்றும் குஜராத்தின் ராஜ்கோட்டில் நகல் எடுத்துச் செய்கிறார்கள். பெற்ற ஊரில் நின்றது, வளர்த்த ஊரில் ஓடுகிறது!

பழைய பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டைக்குப் போய்வரலாம் என்று சிலர் நினைப்பார்கள். போகலாம். ஆனால் சட்டைப் பையில் பணத்தோடு, கையில் மைக்ரோ மீட்டர் வைத்திருக்கும் ஆளும் கூடப் போகவேண்டும். அளக்காமல் வாங்கிய பழையது, இன்னொருவர் வீட்டுக் கஷ்டத்தை விலைக்கு வாங்குவது.

கிணற்று என்ஜின் மட்டும் தனி விஷயம். 1990-ல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானது. அதன்பிறகு மின் இணைப்பு உள்ள கிணற்றில் டீசல் எரிப்பது காசைக் கரியாக்குவதுதான். அப்படிப்பட்ட கிணற்றடியில் பழைய ஆயில் என்ஜினுக்குப் புது லைனர் போடுவதா, ஸ்லீவ் போடுவதா என்று விவாதிப்பதே வீண், இரண்டும் வேண்டாம். ரயில்வேகூட இரண்டு டீசல் என்ஜின்களைப் புதுப்பிப்பதற்குப் பதிலாக மின்சார என்ஜினாகவே மாற்றி, 2019 பிப்ரவரியில் வாரணாசியில் ஓடவிட்டது. மின் இணைப்புக்குக் காத்திருக்கும் கிணற்றுக்காரர் வேறு. அவர் செலவைக் குறைத்து, சீர்செய்து, இணைப்பு வரும்வரை காலம் தள்ளுவதே நல்லது. இரண்டு வருஷத்தில் விடைபெறப் போகும் என்ஜினுக்குப் பத்து வருஷப் பாகம் எதற்கு?

தாளும் வீட்டம்மாளும்

பட்டறையில் என்ஜின் பிரித்திருக்கும் நாளில், வீட்டில் பண விஷயம் பார்க்கும் பெண்களும் அந்த அளவுத் தாளைப் பார்க்கவேண்டும். "இதெல்லாம் உனக்கு என்ன தெரியும்?" என்று தள்ளுவது சரியில்லை. அடகுக்குப் போவது அவள் நகை. சங்கக் கடனில் கையெழுத்துப் போடுவதும் பல வீட்டில் அவளே. 'வரம்பு எவ்வளவு, நம் வண்டி எவ்வளவு?' என்று இரண்டு எண்ணை ஒப்பிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எந்த மெக்கானிக்கும், சமையலறையில் அளந்து போடும் கை கேட்கும் கேள்விக்கு மழுப்பிப் பதில் சொல்ல முடியாது!

புதிய பாகம் வாங்கினால் பில் வாங்கவேண்டும். பில் இல்லாத இடத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் டூப்ளிகேட் சாமானின் முகவரி. பெட்டியும் எழுத்தும் அச்சாக இருக்கும். உள்ளே இருக்கும் இரும்புதான் வேறு. சீர்செய்தால், எந்த அளவுக்குச் சாணை பிடித்தார்கள், எந்த அளவு பேரிங் போட்டார்கள் என்று எழுதி வாங்கி, அந்தத் தாளை டிராக்டர் ஆர்.சி. புத்தகத்தோடு வைக்கவேண்டும். ஐந்து வருஷம் கழித்து வேறு மெக்கானிக் வருவார். 'இது எத்தனையாவது படி?' என்று கேட்பார். அப்போது அந்தத் தாள் பேசும்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது சொந்தக்காரரின் உரிமை. மாற்றினார்களா, மாற்றியதாகச் சொன்னார்களா என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். ஆனால் தேய்ந்த நாசிலையும் கடைசிப் படியைத் தாண்டிய பேரிங்கையும் அப்படியே போடக்கூடாது. துடைத்து மெருகேற்றி, புதுப் பெட்டியில் வைத்து, வேறு ஒரு ஊரில் வேறு ஒரு விவசாயியின் தலையில் கட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோகுமுன், வாசல் கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஒரு அடி!